தெற்கே விழும் நிழல்

சித்திரை பிறந்து பதினோராம் நாள் காலையில் ரேணுகாம்பாள் உலர்த்து மூங்கில்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். சாயப்பட்டறைக்குப் பின்னால் கிழக்கு மேற்காக ஓடும் நீளச் சுவர் ஒன்று உண்டு. அதன் தலையில் இரண்டு பக்கமும் ஒரு முழம் நீட்டிக் கீற்று வேய்ந்திருந்தது. சுவருக்கு வடக்கே கவட்டைக் கட்டைகளின்மேல் கிடந்த ஆறு மூங்கில்களையும் ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி, சுவரைச் சுற்றிப் போய்த் தெற்குப் பக்கம் போட்டாள். பிறகு கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு போனாள். குழி தோண்டக் கணவனைக் கூப்பிடவில்லை. தணிகாசலத்துக்கு நெஞ்சில் இருமல். இருபத்தைந்து வருஷம் பட்டு வேகவைக்கிற கொப்பரையின் ஆவியைக் குடித்ததன் பலன். கடப்பாரையை அவன் கையில் கொடுத்தால் குழியைவிட இருமல்தான் ஆழமாகப் போகும்.

வருஷத்துக்கு இரண்டு முறை இந்த வேலை. சித்திரை இரண்டாம் வாரம் வடக்கிலிருந்து தெற்கே. ஆவணி பிறந்த மறுநாள் தெற்கிலிருந்து வடக்கே. சாயம் தோய்த்த பட்டு நூல் நிழலில்தான் உலர வேண்டும். ஒரு நாள் வெயில் பட்டாலும் நிறம் அசடு வழியும்.

இதை யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. மாகறலில் பயிர்வைக்கிற குடும்பத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் காஞ்சிபுரத்துச் சாயக்காரன் வீட்டுக்கு வாழ வந்தவள். வந்த முதல் வைகாசியில் கருநீல நூல்சிட்டங்களை வழக்கம்போலச் சுவருக்கு வடக்கே மாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். தை மாதத்திலும் மாசியிலும் நாளெல்லாம் நிழல் கிடந்த இடம் அது. மாலையில் வந்து பார்த்தால் நூல் பழைய சாக்குத் துணிபோல வெளுத்துக் கிடந்தது. மாமனார் தெருவே கேட்கத் திட்டினார். தான் மாட்டிய இடத்தில் தப்பில்லை, வெயில்தான் இடம் மாறி வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் சிரிப்பார்கள். வாயை மூடிக்கொண்டு, முற்றத்தில் உலக்கையை நட்டு ஒரு வருஷம் முழுக்க உச்சி நிழலைப் பார்த்தாள். அந்த வருஷத்துக் கோபம்தான் அவளைச் சாயக்காரி ஆக்கியது என்று பிற்பாடு தணிகாசலம் வேடிக்கையாகச் சொல்வான். அவள் சிரிக்க மாட்டாள்.

இப்போது நாற்பத்து மூன்று வயது. பத்து வருஷமாகக் கலவை முழுவதும் அவள் கைதான். வாடாமல்லி நிறத்துக்கு அவள் பட்டறையைத் தேடி வருவார்கள்.

அன்று கடைசி மூங்கிலைப் போடும்போது முன்கட்டுக் குடித்தனக்காரி மதனவதி வந்து நின்றாள். பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சர். திருப்புட்குழிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பயிர்த்தொழில் செய்யும் சமணக் குடும்பம். தனி ஆள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு ஏனத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். அதற்குப் பிறகு உயிரே போனாலும் பல்லில் ஒரு பருக்கை படாது.

இன்றைக்குத்தான் மாற்ற வேண்டும் என்று எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது என்று மதனவதி கேட்டாள்.

"பஞ்சாங்கம் இன்னாத்துக்கு டீச்சர்? நேத்து உச்சிக்கு ஒலக்கைய நட்டுப் பார்த்தேன். நெழலு அதும் காலடியிலயே சுருண்டுக்கினு கெடந்துது. இனிமே தெக்கால சாயும்."

மதனவதி கொஞ்ச நேரம் மூங்கில்களையே பார்த்தாள். தான் எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு இரண்டு வாரம் தொண்டை கிழியச் சொல்கிற பாடம் இது என்றாள். ரேணுகாம்பாள் மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தாள். பாடம் கேட்கிற நேரம் இல்லை. கொப்பரையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

அறுபத்தெட்டாம் வருஷம் அது. அந்தத் தை மாதம்தான் நெசவாளர் சங்கம் செவிலிமேட்டுப் பக்கம் ஒரு தறிக்கூடம் திறந்திருந்தது. ஒரே கூரையின்கீழ் நாற்பது தறி. கூரை ரம்பத்தின் பல்லைப் போல வரிசை வரிசையாக ஏறி இறங்கும். ஒவ்வொரு பல்லுக்கும் வடக்கு முகத்தில் சாய்த்துப் பதித்த கண்ணாடி. கட்டிய இன்ஜினீயர் ராமலிங்கம் சென்னையிலிருந்து வந்தவன், முப்பது வயதுகூட இருக்காது. வடக்கிலிருந்து வரும் வெளிச்சம் நாள் முழுதும் ஒரே சீராக இருக்கும், நேர் வெயில் ஒரு சொட்டு விழாது என்று திறப்பு விழாவில் சொன்னான். தையிலும் மாசியிலும் பங்குனியிலும் அவன் சொன்னது போலத்தான் இருந்தது. வீட்டுக் குழித்தறியில் கண்ணைச் சுருக்கி இழை பார்த்தவர்கள் பாலில் குளித்த மாதிரி வெளிச்சத்தில் உட்கார்ந்து நெய்தார்கள். சங்கத் தலைவர் பரசுராமன் வெளியூர் அதிகாரிகளைக் கூட்டி வந்து கூரையைக் காட்டினார். கண்ணாடிமேல் ஒரு துணிகூடத் தொங்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்.

ஆனி இரண்டாம் வாரத்தில் சங்கத்துப் பியூன் ரேணுகாம்பாள் வீட்டுக்கு இரண்டு காகிதம் கொண்டுவந்தான். தணிகாசலம் மூக்குக் கண்ணாடியை மாட்டி உரக்கப் படித்தான். முதல் காகிதம், சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டியதன் நகல். தறிக்கூடத்தில் நெய்த பதினேழு வாடாமல்லிச் சேலைகளில் நிறம் வெளுத்துப் பட்டை பட்டையாக நிற்கிறது. ரேணுகாம்பாள் பட்டறைச் சாயம் தரமற்றது. மறு உத்தரவு வரை அவளுக்கு நூல் கொடுக்கப்படமாட்டாது. இரண்டாவது காகிதம் அவள் கையெழுத்துப் போட வேண்டியது. குறை என் கலவையில்தான் என்று ஒப்புக்கொண்டால் மூன்று மாதத்தில் மறுபடி நூல் தருவார்கள்.

அவள் அப்போது சாம்பல் போட்டு வெண்கலப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை. பானை கத்தியது.

"போட்டுடலாமா?" என்றான் தணிகாசலம். "மூணு மாசம்தானே. ஆடி, ஆவணி, பொரட்டாசி. கண்ண மூடித் தொறந்தா போயிடும்."

"நீ கண்ண மூடிக்கோ. எனுக்கு வேலை கெடக்குது."

"ஊரோட எதுத்துக்கினு நிக்க முடியுமா? ஒரு எடத்துல கலவை கூடக் கொறைய..."

அவள் பானையைத் தரையில் வைத்த வேகத்தில் அவன் பாதி வார்த்தையை விழுங்கிவிட்டான். அந்த வாடாமல்லிக் கொப்பரையில் தோய்த்த நூலில் பாதி தறிக்கூடத்துக்குப் போயிற்று. மீதி ஊருக்குள் வீட்டுத் தறிகளுக்குப் போயிற்று. வீட்டுத் தறிக்காரர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரே தண்ணீர், ஒரே கலவை, ஒரே கை. சாயம் கெட்டிருந்தால் அங்கே மட்டும் எப்படி நிற்கும்? இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் மாமனார் திட்டியபோது மூடிய வாய் அவளுடையது. இந்த முறை மூடுவதாக இல்லை.

கையைக் கழுவிக்கொண்டு அப்போதே செவிலிமேட்டுக்கு நடந்தாள்.

போய்ச் சேரும்போது உச்சிப் பொழுது. நெசவாளர்கள் சாப்பாட்டுக்கு எழுந்து போயிருந்தார்கள். நாற்பது தறியும் சும்மா நின்றன. கதவைத் தாண்டி உள்ளே காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு கண்ணாடி வரிசைக்கும் கீழே, தறிகளின்மேல், ஒரு சாண் அகலத்துக்கு வெயில் நீளமாகப் படுத்திருந்தது. தறியில் இழுத்துக் கட்டிய வாடாமல்லிப் பாவு அந்தச் சாணில் மட்டும் நெருப்புக் கங்குபோல எரிந்தது.

கலியன் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பதினேழு சேலைகளில் இரண்டு அவன் நெய்தவை. அவளைக் கண்டதும் சோற்றுக்குள் ஏதோ தேடுபவன்போலத் தலையைக் குனிந்துகொண்டான். வெளுத்த சேலை ஒன்றைக் காட்டு என்று கேட்டு வாங்கிப் பிரித்தாள். ஒரு முழத்துக்கு ஒரு பட்டை, ஒரு சாண் அகலம். ஒரு நாள் நெசவு ஒரு முழம். ஒரு நாளுக்கு ஒரு சாப்பாட்டு வேளை. தறி நின்ற இடத்தில் வெயில் உட்கார்ந்து தின்றிருக்கிறது. சேலையைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் அவள் தோய்த்தபடி அப்படியே இருந்தது.

"மேல வெளுத்துருக்குது, அடியில வெளுக்கல. சாயம் போனா ஒரு பக்கம் மட்டும் போகுமா கலியா?"

கலியன் சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தான். வெயில் எப்போதிலிருந்து விழுகிறது என்று கேட்டாள். சித்திரைக் கடைசியில் மெல்ல எட்டிப் பார்த்தது, வைகாசியில் உள்ளே இறங்கியது, காலையிலிருந்து மாலைவரை ஒரு வரிசை விட்டால் ஒரு வரிசை ஊர்ந்துகொண்டிருக்கும், தாங்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நெய்கிறோம் என்று முணுமுணுத்தான். இதைத் தலைவரிடம் சொல்ல வேண்டியதுதானே என்றாள்.

"சொன்னா, பாவ மூடாம எழுந்து போனது யாருன்னு கேப்பாங்கக்கா. பழி எங்க தலையில விடியும்."

"அதனால என் தலையில விடியட்டும்னு உட்டீங்க. நல்லா சாப்புடு. உப்பு போதுமா பார்த்துக்கோ."

வெயில் வரிசை வரிசையாக ஊர்வதை நாலு மணிவரை நின்று பார்த்தவள், ஒரு சேலையை மட்டும், தலைவரிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று இடுப்பில் சுருட்டிக்கொண்டு திரும்பினாள். வழியெல்லாம் கலியனைத் திட்டினாள். பிறகு தன்னையே திட்டினாள்: தை மாதம் திறப்பு விழாவுக்குப் போய் அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தவள் தானே? வடக்கே திறந்த கூரை, சித்திரைக்குப் பிறகு என்ன ஆகும் என்று ஏன் தோன்றவில்லை? பெரிய படிப்புப் படித்தவன் கட்டியது என்று நினைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மாலை ஐந்தரை. மதனவதி ஏனத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரேணுகாம்பாள் சேலையைத் திண்ணையில் போட்டுவிட்டு, எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"டீச்சர், படிச்சவன் ஒருத்தன் வடக்கு வெயிலு வராதுன்னு எப்படிச் சொல்லுவான்? அவன் ஊருல சூரியன் வேற வழியில போவுதா?"

மதனவதி கையைத் துடைத்துக்கொண்டாள். அவன் படித்த புத்தகம் எழுதிய ஊரில் வேறு வழியில்தான் போகிறது என்றாள். கழுவி வைத்த பித்தளைச் சொம்பை எடுத்து இருவருக்கும் நடுவே வைத்தாள். பாத்திரப் பட்டறைக்காரன் கடைச்சலில் சுற்றி இழுத்த வளையக் கோடுகள் அதன் உடம்பெங்கும் இருந்தன.

இதுதான் பூமி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். வாய் வட துருவம், அடிப்பாகம் தென் துருவம். வயிறு பருத்திருக்கிற இடத்தில் ஓடுகிற வளையம் பூமத்தியரேகை. அதற்கு எண் பூஜ்யம். அங்கிருந்து வாயைப் பார்த்து ஏற ஏற ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு எண். மேலே போய்ச் சேரும்போது தொண்ணூறு. அந்த வளையங்களுக்குத்தான் அட்சரேகை என்று பேர். ஓர் ஊர் பூமியின் வயிற்றிலிருந்து எவ்வளவு வடக்கே, எவ்வளவு தெற்கே இருக்கிறது என்று சொல்கிற எண். ஒரு டிகிரி தாண்ட ஏறக்குறைய அறுபத்தொன்பது மைல் நடக்க வேண்டும். கடலில் போகிறவனுக்குக் கரையும் தெரியாது, மைல்கல்லும் கிடையாது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறது என்று அளந்துகொண்டால் எந்த வளையத்தில் இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

"நம்ம காஞ்சிபுரம் பதிமூணுக்குச் சித்தே கம்மி," என்று சொம்பின் வயிற்றுக்குச் சற்று மேலே குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு அதற்கு மேலே ஒரு வளையத்தைச் சுற்றிக் குங்குமத்தை இழுத்தாள். "இது இருபத்து மூணரை. கடகரேகை. சூரியன் உச்சிக்கு நேரா நிக்கிற இடம் வருஷா வருஷம் இதுவரைக்கும் ஏறும். ஏறிட்டு இறங்கும். இதைத் தாண்டி ஒரு அடி மேல போகாது."

ரேணுகாம்பாள் சொம்பைக் கையில் எடுத்தாள். பொட்டைப் பார்த்தாள், வளையத்தைப் பார்த்தாள்.

"தறியில நாடா ஓடற மாதிரி," என்றாள். "ஓரம் வரைக்கும் ஓடி, ஓரத்துல திரும்பும். நடுவுல இருக்கிற நூல போவும்போது ஒரு தரம் தாண்டும், வரும்போது ஒரு தரம். சித்திரையில ஒண்ணு, ஆவணியில ஒண்ணு."

"அதேதான். அந்த ரெண்டு நாளைக்கும் நடுவுல நமக்குச் சூரியன் வடக்கால இருக்கும். நிழல் தெற்கால விழும்."

"ஓரத்துக்கு வெளியில இருக்கிற நூல நாடா தொடாது."

மதனவதி அதற்கு மேல் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னாள். கான்பூர் இருபத்தாறரை டிகிரி, டில்லி இருபத்தெட்டுக்கும் மேல். இரண்டும் கடகரேகைக்கு அப்பால். அங்கே எந்த மாதத்திலும் உச்சி வெயில் தெற்கேதான். சீமையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்கே போட்ட வரைபடத்தை இங்கே கொண்டுவந்து அப்படியே இறக்கியிருப்பான். தன் பெரியப்பா மகன் ஜினேந்திரன் டில்லியில் வேலைக்குப் போன முதல் மார்கழியில் பட்ட பாட்டையும் சொன்னாள். இங்கே மார்கழியிலும் ஐந்தே முக்காலுக்கு மேல்தான் பொழுது சாயும். அங்கே ஐந்தரைக்கே சாய்ந்துவிடும். ஆபீஸ் விட்டு அறைக்கு வருவதற்குள் இருட்டிவிட, பதினைந்து நாள் ராத்திரி பட்டினி. பிறகுதான் மாலைச் சோற்றை டப்பாவில் கட்டி ஆபீசுக்கே எடுத்துப் போகப் பழகினான். ஊர் மாறினால் சூரியனோடு போட்ட ஒப்பந்தமும் மாறும் என்பது அவனுக்கு வயிற்றில் தெரிந்தது.

"இத அப்படியே நாளைக்கு வந்து சங்கத்துல சொல்லு டீச்சர். நான் சொன்னா சாயக்காரி ஒளர்றான்னுவாங்க."

மதனவதி முகம் மாறியது. பள்ளி நிர்வாகக் குழுவில் பரசுராமனும் ஒருவர் என்றாள். போன வருஷம்தான் தன் வேலையை நிரந்தரமாக்கினார்கள் என்றாள். எல்லா எண்ணையும் தெளிவாக எழுதிக் கொடுக்கிறேன், எடுத்துப் போங்கள் என்று ஒரு தாளில் எழுதினாள். அழகான எழுத்து. கீழே பெயர் போடவில்லை.

ரேணுகாம்பாள் தாளை மடித்தாள்.

"பொண்ணுங்களுக்குச் சொல்லித் தர்றதுக்கு மட்டுந்தானா இது?"

மதனவதி சொம்பிலிருந்த குங்குமத்தை ஈரத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அதைப் பார்த்தும் ரேணுகாம்பாளுக்கு இரக்கம் வரவில்லை. நியாயம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, கலியனுக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும். ஆளாளுக்கு ஒரு மூலையில் வைத்துக்கொண்டு முணுமுணுக்கிறார்கள். "சொம்ப நான் எடுத்துக்கினு போறேன், நாளைக்குத் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் உச்சிக்குக் கால் மணி இருக்கும்போது சங்க ஆபீசில் நுழைந்தாள். வேண்டுமென்றேதான் அந்த நேரம். தணிகாசலம் கூட வருகிறேன் என்று சட்டையை மாட்டினான். நீ இருமினால் அவர்கள் இரக்கப்படுவார்கள், எனக்கு இரக்கம் வேண்டாம் என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். வாசலில் இருபதடிக் கொடிக்கம்பம். உள்ளே சுவரில் அறிவிப்புப் பலகை. அவள் பெயர் கொட்டை எழுத்தில். மேசைக்குப் பின்னால் பரசுராமன். தறிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்புவது பற்றிப் பேச ராமலிங்கமும் வந்திருந்தான். வரைபடம் மேசைமேல் விரித்திருந்தது. இரண்டு மூன்று உறுப்பினர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தாயா என்றார் பரசுராமன். அவள் சேலையைப் பிரித்து வரைபடத்தின்மேலேயே விரித்தாள். மேல்பக்கம் காட்டினாள். திருப்பி அடிப்பக்கம் காட்டினாள். தன் பெட்டியிலிருந்து அதே கொப்பரைச் சிட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அதைப் பக்கத்தில் வைத்தாள். அடிப்பக்கமும் சிட்டமும் ஒரே நிறம்.

"பேருதான் வாடாமல்லி," என்றார் பரசுராமன், பெஞ்சைப் பார்த்து. பெஞ்சு சிரித்தது.

"மல்லிய வெயில்ல வெச்சா வாடும் தலைவரே. ஒன் கூரையில வெயில் வந்துது."

கூரை வடக்குப் பார்த்தது, வடக்கிலிருந்து வெயில் வராது, இன்ஜினீயர் இதோ உட்கார்ந்திருக்கிறார், அவர் படிப்புக்கு முன்னால் நீ பேசுகிறாயா என்று அவர் குரலை உயர்த்தினார். அவள் குரலை உயர்த்தவில்லை. சொம்பை மேசைமேல் வைத்தாள். அது பூமி என்றாள். பெஞ்சு மறுபடி சிரித்தது. அவள் காத்திருந்தாள். சிரிப்பு தானாக ஓய்ந்தபின், வயிற்று வளையம் எது, காஞ்சிபுரம் எது, சூரியன் ஏறித் திரும்புகிற ஓரம் எது என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். மதனவதியின் தாள் மடியிலேயே இருந்தது. பெயரில்லாத காகிதத்தை நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

"இவ்ளோ ஏன்? வாசல்ல கொடிக்கம்பம் நிக்குது. மணி பன்னெண்டு பத்து. நெழலு வடக்கால விழுந்துருந்தா நான் இந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். தெக்கால விழுந்துருந்தா, பலகையில இருக்கிறத நீயே கிழிக்கணும். எழுந்து பாரு."

பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து வாசலுக்குப் போனார்கள். பரசுராமனும் மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குழந்தை விளையாட்டுக்கு ஒத்துக்கொள்கிறவர்போல நடந்தார். ராமலிங்கம் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவன் எழுந்திருக்காததை அவள் பார்த்தாள். அவன் விரல் வரைபடத்தின் மூலையில் போட்டிருந்த வடக்கு அம்புக்குறியை நெருடிக்கொண்டிருந்தது.

"ஒனக்குத் தெரியும்," என்றாள் தணிந்த குரலில்.

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு வாசலில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் சொன்னான். வரைபடம் வடக்கே ஓர் ஆலைக்குப் போட்டது; மேலதிகாரி அப்படியே எடுத்துக்கொள்ளச் சொன்னார்; கண்ணாடிக்கு மேல் மூன்றடி நீட்டி ஒரு மறைப்பும், பக்கவாட்டில் தடுப்பும் வைத்திருந்தால் போதும்; அட்சரேகையைப் பார்த்திருக்க வேண்டும். "பார்க்கலம்மா," என்றான்.

வாசலில் இருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். கம்பத்தின் நிழல் இரண்டரை முழம் நீளத்தில், தெளிவாக, தெற்கே கிடந்தது. பெஞ்சில் பழையபடி உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். காஞ்சிபுரத்திலேயே பிறந்து ஐம்பது ஆனியைப் பார்த்தவர்கள்; சொந்த ஊரின் நிழலை இன்றைக்குத்தான் பார்க்கிறார்கள்.

பரசுராமன் நாற்காலியில் சாய்ந்தார். குரல் இறங்கி, உறவுக்காரர் குரலாகிவிட்டது.

"சரிம்மா ரேணுகா. பெரிசு பண்ணாத. நாளைக்கே எல்லாக் கண்ணாடிக்கும் கீத்துத் தட்டி கட்டச் சொல்றேன். ஒனக்கும் நூல் அனுப்பிச்சுடறேன், மூணு மாசம் எல்லாம் வேணாம்."

"பலகையில இருக்கிறது?"

அவர் கண்ணாடி டம்ளரிலிருந்த தண்ணீரைக் குடித்தார். அரசாங்க மானியத்தில் கட்டிய கட்டடம், அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து பார்வைக்கு வருகிறார்கள், கட்டடத்தில் கோளாறு என்று சங்கமே எழுதி ஒட்டினால் இந்தத் தம்பிக்கும் வேலை போகும், சங்கத்துக்கும் பேர் போகும் என்று விளக்கினார். பதினேழு சேலைக்கு ஏதாவது ஒரு காரணம் பதிவாகியிருக்க வேண்டும்; அது பதிவாகிவிட்டது. காகிதம் அது பாட்டுக்குப் பலகையில் இருக்கும். மழைக்காலம் வந்தால் தானாக உரிந்துவிடும். ஊரில் யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்?

"அவன் வேலை, ஒன் சங்கத்துப் பேரு. ரெண்டையும் காப்பாத்த என் பேர எடுத்துக்கினீங்க."

"அப்படி இல்லம்மா..."

அவள் ராமலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள்: நிறம் போனது வெயிலால். அவ்வளவுதான். கட்டடத்தைப் பற்றி ஒன்றும் வேண்டாம், யார் மேலும் பழி வேண்டாம். அவன் சட்டைப் பையில் பேனா இருந்தது. கை அதுவரை போயிற்று. பரசுராமன் இருமினார். கை மேசைக்குத் திரும்பி வந்து, வரைபடத்தைச் சுருட்ட ஆரம்பித்தது. வெளுத்த சேலை அதன்மேலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. யாரும் குனியவில்லை. அவளே எடுத்து, மடிப்புக் கலையாமல் மடித்து, பரசுராமன் முன்னால் வைத்தாள். தன் சிட்டத்தை எடுத்துக்கொண்டாள். கையெழுத்துக்கு அனுப்பிய காகிதத்தை இடுப்பிலிருந்து உருவி நான்காகக் கிழித்து அவருடைய டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். சொம்பை இடுக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு நூல் அனுப்பறேன். வாங்கிக்குவ இல்ல?" என்றார் பரசுராமன்.

அவள் கதவருகே நின்று திரும்பினாள். எல்லார் முகத்தையும் ஒரு முறை பார்த்தாள், பலகையையும் பார்த்தாள்.

"கெட்டது என் சாயந்தானே? அப்பறம் கண்ணாடிக்குத் தட்டி இன்னாத்துக்குக் கட்டற?"

பெஞ்சில் ஒருவர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். ராமலிங்கம் சுருட்டிய வரைபடத்துக்கு நாடாவைக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான். பரசுராமன் கிழிந்த காகிதத் துண்டுகளை விரலால் ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தார். பலகையிலிருக்கும் காகிதத்தைக் கிழிக்க யாராவது எழுவார்களா என்று அவள் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள்.